மோதிர விரலுக்கு வந்த தொகை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை தேடிப் போகவில்லை, கால்சட்டைக்கு ஜிப் மாற்றப் போனேன். தையல்கார அக்கா பழைய ஜிப்பைப் பிரித்துக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் ஒரு விஷயத்தைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால்சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். (வேறொன்று உடுத்தியிருந்தேன், கவலைப்படாதீர்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பணம் வந்த அன்று வானம்…'

சீ! வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் முயற்சி: 'தகடு அழுத்தும் எந்திரத்தின் அடியில் அவருடைய இடது கை…'

என்னால் முடியாது, ஐயா. நேராகவே சொல்கிறேன். அக்காவின் கணவர் ஒரு தகரப்பெட்டித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் எந்திரம் அவருடைய இடது கை மோதிர விரலைக் கொண்டுபோய்விட்டது. நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டதையே வீட்டில் மறந்துவிட்டார்கள். பத்து நாளைக்கு முன் பணம் வந்து சேர்ந்தது. ஒரு பூஜ்யம் கைதவறிக் கூடுதலாக விழுந்திருக்குமோ என்று அக்கா பதறிப்போய் வங்கிக்கே ஓடிக் கேட்டாராம். சரியான தொகைதானாம்.

3

போன வாரம் சனிக்கிழமை, அக்கா வீட்டுச் சமையலறை. மூன்று பேர்: அக்கா, கணவர், கல்லூரியில் படிக்கும் மகள். (கணவருக்கு ஓர் அண்ணனையும் உட்கார வைத்திருந்தேன். பிறகு எழுப்பி அனுப்பிவிட்டேன். காரணம் வருகிறது.)

அவர்கள் குடியிருக்கும் வீட்டை வீட்டுக்காரர் விற்கிறார். வேண்டுமென்றால் வருகிற திங்கட்கிழமைக்குள் முன்பணம் தரவேண்டும். அதே திங்கட்கிழமைதான் கணவர் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பவேண்டிய நாளும்.

"வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம். மிச்சத்தை மாசாமாசம் சம்பளத்துல கட்டிக்கலாம்," என்றார் கணவர்.

"சம்பளம்னா? மறுபடி அதே மெஷின்கிட்டயா?"

"வேற எந்த மெஷின் என்னைக் கூப்பிடுது?"

"வேண்டாங்க. எனக்கு நெஞ்சு பதறுது. இந்தப் பணத்துல தையல் கடை போடலாம். நாலு மெஷின் வாங்கிப் போட்டா பொழச்சுக்கலாம். நீங்க துணி வெட்டுங்க."

"அப்புறம் எங்க குடியிருக்கறது? கடைக்குள்ளயா?"

"எனக்கு ஒரு லேப்டாப்…" என்று மகள் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு!" இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது.

"இன்னொரு விரல் போயிருந்தா, வீடு கடை ரெண்டையுமே முடிச்சிருக்கலாம்."

4

இதை யார் வாயில் வைப்பது? முதலில் கணவருக்குக் கொடுத்தேன், பொருந்தவில்லை. மகளுக்குக் கொடுக்க என் கை கூசியது. அதற்காகத்தான் அந்த அண்ணனை இழுத்துவந்தேன். சொந்தக்காரன் தலையில் பழியைப் போட்டால் கதை எழுதுகிறவனுக்கு வேலை சுலபம். ஆனால் அக்கா என்னிடம் சொன்னது வேறு.

"நான்தான் சார் சொன்னேன். விளையாட்டாத்தான். வாயில வந்துடுச்சு."

மகள் சிரித்தாளாம். அக்காவும் சிரித்தாராம். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. இடது கையை மேசைமேல் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாராம்.

"எந்த விரல்?"

"என்னங்க?"

"இல்ல, எது போனா வேலைக்கு இடைஞ்சல் இருக்காது? சுண்டு விரல்னா தொகை கம்மியா வரும். அதான் கேக்கறேன்."

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். நீங்களும் இந்நேரம் உங்கள் கையை ஒருமுறை பார்த்திருப்பீர்கள். பொய் சொல்லாதீர்கள், நானும் பார்த்தேன். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே பயம். கணவர் சோறு பிசையும்போதுகூட அவர் கையை விட்டு அக்கா கண்ணை எடுப்பதில்லையாம்.

5

முடிவு (அ): கடை. வீடு கைவிட்டுப் போகிறது. கணவர் துணி வெட்டுகிறார். 'ஒருநாள் கத்தரிக்கோல்…' ஐயையோ, அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): வீடு. கூரை சொந்தமாகிறது. அவர் வேலைக்குப் போகிறார். 'மாலையில் அக்கா வாசலில் நின்றுகொண்டு…' இதையும் அடித்துவிட்டேன்.

இன்று காலை கால்சட்டையை வாங்கப் போனேன். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"அக்கா, கோபப்படாதீங்க. நீங்க சொன்னதைக் கதையா எழுதியிருக்கேன்."

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அக்கா சட்டென்று தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

"அப்படியா? கடைசியில எதைப் போட்டீங்க? வீடா, கடையா?"

"இன்னும் எதையும் போடலைக்கா."

"ஏன் சார்?"

"தெரியலை."

அக்காவின் முகம் வாடிவிட்டது.

"எழுதறவர் ஆச்சே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீங்க எதைப் போட்டிருந்தாலும் நான் கண்ணை மூடிட்டு அதையே செஞ்சிருப்பேன்."

ஜிப்புக்கான கூலியைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். இன்று ஞாயிறு. நாளை காலை எட்டு மணிக்கு அக்காவின் கணவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். வீடா கடையா என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் என்னிடம் சொல்லவேண்டாம். அக்காவிடமே போய்ச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு முன்னால் போங்கள்.