வாசலிலை நிக்கிறன்

எண்பத்தொன்பதாம் ஆண்டு யசிந்தா யாழ்ப்பாண ரவுணில் கம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கொக்குவிலில் இருந்து பத்மாசினி என்றொரு பெண் அவளைத் தேடி வந்தாள். புருசன் சீவரத்தினம் சிங்கப்பூரில் வேலை செய்து, வரும்போது ஒரு கம்பியூட்டரும் கொண்டுவந்தவன். இரண்டு வருசத்துக்கு முன், அச்சுவேலி மட்டும் போயிட்டு வாறன் என்று வெளிக்கிட்ட மனுசன் பிறகு வீடு வரவில்லை.

"கம்பியூட்டரைப் போட்டவுடனை 'பத்மா, சாப்பிட்டியோ' எண்டு கேக்கும், ரீச்சர். இங்கிலீஸ் எழுத்திலை அவர்தான் அதை எழுதி வைச்சவர். கரண்ட் இருக்கிற நாளெல்லாம் போட்டுப் பாப்பன். இப்ப வருகுதில்லை. ஏதோ கெட்டுப்போச்சுதெண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே நிக்குது."

அடுத்த நாள் மத்தியானம் யசிந்தா போனாள். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்துகிற கோப்புத்தான் பழுதாகியிருந்தது. கரண்ட் திடீரென்று நின்றால் அப்படி ஆவதுண்டு. தன்னுடைய பிளொப்பியைப் போட்டு இயந்திரத்தை எழுப்பினாள். பழுதான கோப்பை அழித்து, நல்லதை அந்த இடத்தில் வைத்தாள். பிளொப்பியை வெளியே எடுத்துவிட்டு இயந்திரத்தைத் திரும்பவும் போட்டாள்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வந்தன.

பத்மா, வாசலிலை நிக்கிறன்.

யசிந்தா திரும்பிப் பார்த்தாள். பத்மாசினி கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, நான் அதிலை ஒண்டும் மாத்தேல்லை."

"தெரியும்."

சீவரத்தினம் எழுதி வைத்திருந்த வரிகளை யசிந்தா திறந்து பார்த்தாள். பழைய கேள்வி மட்டுமே இருந்தது. வாசல் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. இயந்திரத்தை நிற்பாட்டிப் போட்டாள். திரும்பவும் அதே வசனம்.

"இதை முழுக்க அழிச்சுவிடட்டோ, அக்கா?"

"வேண்டாம் பிள்ளை."

பத்மாசினி குசினிக்குள் போய்ச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவினாள். சோறு போடுகிற சத்தம் கேட்டது. பிறகு வந்து முன்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டாள். வெளியே நல்ல வெயில். ஒழுங்கையில் ஒரு சனமும் இல்லை.

யசிந்தா தேத்தண்ணிக்கும் நிற்காமல் விடைபெற்றாள். வாசல் படலையடியில் ஒரு பக்கம் ஒதுங்கி நின்று, பிறகு வெளியே வந்தாள். சந்தி வரைக்கும் நடந்த பிறகுதான், நான் யாருக்கு வழி விட்டேன் என்ற யோசனை வந்தது.

ஒரு மாதம் கழித்துப் பத்மாசினியைச் சந்தையில் கண்டாள். முகம் தெளிந்திருந்தது. பையில் ஒரு பெரிய விளைமீன்.

"கம்பியூட்டர் எப்பிடி, அக்கா?"

"நல்லாய் வேலை செய்யுது. ஆனால் இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை." மீன் நழுவாமல் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "நான் வாறன் ரீச்சர். அவருக்குப் பசி பொறுக்காது."