பிரித்து ஒட்டிய கடிதங்கள்

சென்னப்பன் ஒரு கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து நனைத்துக்கொள்வான். வெற்றிலைச் சாறு ஊறிய நாக்கு. விரல் பட்ட இடத்தில் உறையின் ஓரம் இளஞ்சிவப்பாகக் கறைபடும். பிறகு டீக் கெட்டிலின் மூக்குக்கு நேராக உறையைப் பிடித்து ஆவி காட்டுவான். பசை இளகியதும் மெதுவாகப் பிரித்து, படித்து, மத்தியானம் தின்ற தட்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி மறுபடி ஒட்டிவிடுவான். கோவிந்தன் நான்கு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வருஷம் அது அவனுக்கு ஒரு வேடிக்கையாகக்கூட இருந்தது.

ஓசூரிலிருந்து பஸ்ஸில் வரும் தபால் பையை ஜூஜுவாடி சாலையில் வாங்கிக்கொண்டு, இரண்டு மைல் நடந்து ஊருக்குக் கொண்டுவருவதும், வீடு வீடாகக் கொடுப்பதும் கோவிந்தனின் வேலை. தபால் ஆபீஸுக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. சென்னப்பனின் மளிகைக் கடையில் வெல்ல மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவே ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு முத்திரை. கடைக்காரன்தான் போஸ்ட்மாஸ்டர். அந்த ஊரில் ஒரு வீட்டில் தமிழ் பேசினால் அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்த வீட்டில் கன்னடம். மூன்று எழுத்தும் படிக்கத் தெரிந்தவன் சென்னப்பன் ஒருவன்தான். கோவிந்தனுக்குத் தமிழ் மட்டும் தெரியும்.

பை வரும் நேரம் தெரிந்து, வேலை இல்லாதவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்களுமாக ஏழெட்டுப் பேர் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எவன் மகன் கோலாரிலிருந்து எவ்வளவு அனுப்பினான், எந்தப் பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எவன் யாருக்கு நோட்டீஸ் விட்டிருக்கிறான் என்பதெல்லாம் கடிதத்துக்குரியவன் கைக்குப் போவதற்கு முன்னால் அங்கே தெரிந்துவிடும். சென்னப்பன் கதை சொல்வதில் கெட்டிக்காரன். பெண்கள் எழுதிய கடிதமென்றால் பெண் குரலிலேயே படிப்பான். வாசலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கோவிந்தனும் சிரித்திருக்கிறான். கடிதங்களை முத்திரை குத்தி அடுக்கும்போது அவனுக்கும் ஒரு டம்ளர் டீயும் ஒரு துண்டு வெல்லமும் கிடைக்கும்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் தைக்குப் பிறகு திம்மராயனுக்கு ஒரு கடிதம் வந்தது. திம்மராயன் ஏரிக்கரையில் மூன்று ஏக்கர் ராகி போடுகிற மனிதர், அதிகம் பேசாதவர். அவருடைய மகள் காவேரியைத் தளிக்கு அந்தப் பக்கம், ஜவளகிரியில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள்தான் யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தாள். புருஷன் வேறொருத்தியை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான் என்றும், தான் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்வதாகவும், அப்பா வந்து சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றும், ஊரில் ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்றும் அதில் இருந்தது. சென்னப்பன் "ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம் அப்பா" என்பதை மூக்கால் அழுதுகொண்டே இரண்டு தரம் படித்துக் காட்டினான்.

ஒட்டிய கடிதத்தைக் கோவிந்தன் கொண்டுபோய்க் கொடுத்தபோது திம்மராயன் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். ஒட்டிய இடத்தில் பாதி நசுங்கிய பருக்கை ஒன்று காய்ந்து நின்றது. அதை நகத்தால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது எத்தன பேரு கை பட்டு வருது கோவிந்தா?"

"எனக்குத் தெரியாதுங்க. பையில இருந்தது, கொண்டாந்தேன்."

மறுநாள் காலையில் அவர் பஸ் ஏறுவதற்குள் சேதி சந்தைக்குப் போய், சந்தையிலிருந்து ஜவளகிரிக்கும் போய்விட்டிருந்தது. குடும்ப மானத்தை ஊர் ஊராக எழுதிப் பரப்புகிறாயா என்று அடித்து, காவேரியைப் புருஷன் வீட்டாரே வெளியே தள்ளியிருந்தார்கள். காட்டு வழியாக நடந்து வந்தவளை அப்பா பாதி வழியில் கண்டார். அதற்குப் பிறகு கோவிந்தனுக்குக் கடையின் டீ இறங்கவில்லை. டம்ளரை வாயருகே கொண்டுபோனால் கெட்டிலின் மூக்கும் ஈரமான உறையும் கண்முன் வந்து நிற்கும். வேண்டாமென்று சொல்லப் பழகினான். அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்யவில்லை.

ராஜாத்தி மத்திகிரி மாட்டுப் பண்ணைக்குப் புல் அறுக்கப் போகிறவள். வாரத்துக்கு ஒரு தரம், கடை வெறிச்சோடிக் கிடக்கும் உச்சி வேளையில், முந்தானையில் முடிந்துவைத்த சில்லறையோடு வருவாள். எட்டணா, முக்கால் ரூபாய், என்றைக்காவது ஒரு ரூபாய். சேமிப்புக் கணக்கில் போடுவாள். பாஸ் புத்தகத்தை வீட்டில் வைக்காமல் போஸ்ட்மாஸ்டரிடமே விட்டிருந்தாள். அவளுடைய புருஷன் நாராயணப்பன் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறவன். இந்தப் பக்கம் மதுவிலக்கு.

"என்னாத்துக்கு ராஜாத்தி சேக்கற? சொல்லேன்," என்று சென்னப்பன் ஒவ்வொரு தரமும் கேட்பான்.

"அது எங்கிட்டயே இருக்கட்டும்ணா. யாருக்கும் சொல்லிப்புடாதீங்க."

"சே, இது சர்க்கார் ரகசியம் தாயி. என் தலைய வெட்டினாலும் வெளிய வராது."

அவள் பெருவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடிதம் அடுக்கும் கோவிந்தனைத் தாண்டிப் போவாள்.

நாராயணப்பனுக்குக் கடையில் பீடி, அரிசி, மண்ணெண்ணெய் என்று நாற்பது ரூபாய்க்கு மேல் பாக்கி ஏறியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவன் கடனுக்குப் பீடி கேட்டு வந்து நின்றான். சென்னப்பன் பீடிக் கட்டை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னான்.

"உனக்கென்னப்பா, பணக்காரன். பொண்டாட்டி பேர்ல நூத்தி பன்னண்டு ரூபா கெடக்கு. எங்கிட்ட வந்து கடன் கேக்கற."

சென்னப்பன் மேஜை இழுப்பறையைத் திறந்து, அவளுடைய பாஸ் புத்தகத்தை எடுத்து, விரலை நனைத்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். எழுதப் படிக்கத் தெரியாத நாராயணப்பன் அந்த எண்களை உற்று உற்றுப் பார்த்தான். கோவிந்தன் இரண்டடி தூரத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தான். 'மூடி வைங்கண்ணா' என்ற இரண்டு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கை முத்திரையை மையில் தொட்டது, கடிதத்தில் குத்தியது, மறுபடி மையில் தொட்டது.

மறுநாள் காலையில் ராஜாத்தியை நாராயணப்பன் கூட்டி வந்தான். அவளுடைய இடது கண் மூடியிருந்தது. கீழுதடு வீங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது. அவள் யாரையும் பார்க்கவில்லை. சென்னப்பன் படிவத்தை எடுத்து, தொகை எழுதி, அவள் கையைப் பிடித்துப் பெருவிரலை மையில் உருட்டி, காகிதத்தில் அழுத்தினான். வேலை முடிந்த பிறகும் அந்தக் கையை உடனே விடவில்லை.

"பயப்படாத தாயி, புருஷன்தானே," என்றான்.

கைநாட்டுக்குச் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். படிவத்தைக் கோவிந்தன் பக்கம் தள்ளினான். கோவிந்தன் போட்டான். தன் பெயரின் ஐந்து எழுத்தையும் ஒழுங்காக, தெளிவாக எழுதினான்.

படிவம் ஓசூருக்குப் போய், பணம் பையில் வரவேண்டும். அதற்கு மூன்று நான்கு நாள் ஆகும். அதையும் கோவிந்தன்தான் சுமக்கவேண்டும். அன்றைக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு நடந்தவன் பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தான். காலையில் குடித்த ராகிக் கூழ் அத்தனையும் வந்தது. வாயைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கியபோது விரல்களில் முத்திரை மை தெரிந்தது. மண்ணை எடுத்துத் தேய்த்தான். போகவில்லை. பஸ் வந்ததும் பையைக் கொடுத்தனுப்பாமல், தானே பையோடு ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஓசூரில் தபால் இன்ஸ்பெக்டர் சகாயநாதன் பாளையங்கோட்டைக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டார். கெட்டில், சோற்றுப் பருக்கை, காவேரியின் கடிதம், பாஸ் புத்தகம், வீங்கிய உதடு எல்லாவற்றையும் கோவிந்தன் சொல்லி முடித்தான்.

"சாட்சிக் கையெழுத்து யாருடையது?"

"என்னுதுங்க."

"அடிச்சுக் கூட்டிட்டு வந்தது தெரிஞ்சேதான் போட்டியா?"

"ஆமாங்க."

"கடிதம் பிரிக்கிறது எத்தனை வருஷமா உனக்குத் தெரியும்?"

"நாலு வருஷமாங்க."

சகாயநாதன் அவனைச் சிறிது நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் கோவிந்தனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

"இதையெல்லாம் நீ எழுதிக் கையெழுத்துப் போட்டா, அவனோட சேர்ந்து நீயும் வீட்டுக்குப் போகணும். புரியுதில்லே?"

"எழுதித் தரேங்க."

எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. இன்ஸ்பெக்டர் ராஜாத்தியின் படிவத்தை எடுத்துத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

இரண்டாம் நாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைக்குள் நுழைந்தார். கெட்டில் அடுப்பில் இருந்தது. வெல்ல மூட்டைக்குப் பின்னால் பதினொரு கடிதங்கள் கிடைத்தன. பிரித்து மறுபடி ஒட்ட மறந்தவை, ஒட்டியும் கொடுக்காமல் விட்டவை. சிலவற்றில் எறும்பு மொய்த்திருந்தது. ஒன்று ராணுவத்திலிருந்து வந்தது, ஏழு மாதம் பழையது. சென்னப்பன் முதலில் சிரித்தான், பிறகு உட்காரச் சொன்னான், பிறகு டீ சாப்பிடச் சொன்னான். கடைசியில், "ஊருக்கே படிச்சுச் சொல்றவன் நான் ஒருத்தன்தான் சார். இவங்களே வந்து உக்காந்து கேப்பாங்க. அதுல என்ன தப்பு?" என்றான். வாசலில் நின்ற ஏழெட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் மட்டும், அந்த ராணுவக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவனை மெதுவாகக் கேட்டான்.

சென்னப்பனுக்குப் போஸ்ட்மாஸ்டர் வேலை போயிற்று, வழக்கும் போட்டார்கள். கோவிந்தனுக்கும் வேலை போயிற்று. ராஜாத்தியின் கணக்கை ஓசூருக்கு மாற்றி, புதுப் பாஸ் புத்தகத்தை அவள் கையிலேயே கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் நாராயணப்பனுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்தை அவன் வீட்டில் காட்டியிருப்பான். சித்திரை மாதம் ராஜாத்தி ஊரை விட்டுப் போய்விட்டாள். எங்கே போனாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போவதற்கு முன்னால் ஒருநாள் பண்ணைக்குப் போகும் வழியில் கோவிந்தன் அவளைப் பார்த்தான். ஏதாவது சொல்லுவாள் என்று நின்றான். அவள் தலையிலிருந்த கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீயும் அங்கதானேண்ணா இருந்தே. நான் ஒவ்வொரு வாரமும் வந்து, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கெஞ்சும்போது நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே."

"தப்புதாம்மா. அதுக்கோசரம்தான் ஓசூருக்குப் போயி..."

"அடி வாங்கினப்புறம் போனே."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் போன பிறகு, அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்று கோவிந்தன் நினைத்தான்.

ஊர் அவனிடம் வேறு விதமாக நடந்துகொண்டது. கூட இருந்தே காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். தங்கள் கடிதத்தையும் சென்னப்பன் பிரித்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்தவன் கடிதம் காதுக்கு வராமல் போனதில்தான் அவர்களுக்குக் குறை. சாயங்காலத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஒருவன் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னான். திம்மராயன் மட்டும் ஒருநாள் அவன் வீட்டு வாசலில் அரை மூட்டை ராகியை இறக்கிவைத்துவிட்டுப் போனார். கோவிந்தனுக்கு அது செரிக்கவில்லை. மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தான்.

பங்களூர் சாலை ஓரத்தில் ஜல்லி உடைக்கும் வேலை கிடைத்தது. தபால் ஆபீஸை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் இன்னாசிமுத்து வீட்டுக்கு மாற்றினார்கள். அவர் கறாரான மனிதர். முதல் நாள் வந்து உட்கார்ந்த கும்பலிடம், "உங்க பேருக்குத் தபால் இருந்தா வீடு தேடி வரும். போய் வேலையப் பாருங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அடுத்த வாரமும் இரண்டு பேர் வந்து சன்னல் ஓரமாக நின்றார்களாம்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, கிருஷ்ணகிரியில் இருக்கும் தங்கைக்குக் கார்டு எழுத வேண்டுமென்று கோவிந்தன் வாத்தியார் வீட்டுக்குப் போனான். வாத்தியார் சில்லறை எடுக்க உள்ளே போயிருந்தார். மேஜை மேல் யாருடையதோ ஒரு கார்டு மல்லாந்து கிடந்தது. தமிழில், பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அவன் பார்க்க நினைக்கவில்லை. நினைப்பதற்குள் கண் மூன்று வரியைப் படித்து முடித்திருந்தது. ஒரு வீட்டில் ஒரு கிழவனுக்கு உடம்பு சரியில்லை, நெஞ்சில் சளி, பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறார்கள். நான்காவது வரிக்குக் கண் போயிற்று.

கோவிந்தன் கார்டைக் கவிழ்த்துப் போட்டான். நாக்கின் அடியில் புளிப்பு ஊறியது. வாத்தியார் சில்லறையோடு வெளியே வந்தபோது அவன் வாசல்படியைத் தாண்டி, தலையைத் திருப்பாமல் சாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.