அபர்ணாவின் பாஸ்வேர்டு

பதினோராம் வகுப்பு 'அ' பிரிவில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஆனால் கம்ப்யூட்டர் லேபைப் பொறுத்தவரை அந்த வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைதான். அதன் பெயர் அபர்ணா.

இலஞ்சியில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர் சங்கம் ஜூன் மாதம் ஒரு கண்காணிப்பு சாப்ட்வேர் வாங்கிக் கொடுத்தது. எந்தப் பிள்ளை எதைத் தேடுகிறது என்று பார்க்கும். கெட்டதைத் தடுக்கும். ஆபத்தாக எதுவும் தென்பட்டால் தலைமையாசிரியருக்கு மெயில் போடும். அதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரக் குறி எல்லாம் கலந்து. ஒரே வாரத்தில் நாற்பத்தொரு பேர் மறந்துபோனார்கள். நாற்பது நிமிடப் பாட வேளையில் பாதி நேரம் பாஸ்வேர்டு மாற்றுவதிலேயே கழிந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் உமா மகேஸ்வரி பொறுத்துப் பார்த்தாள். பிறகு, வருகைப் பதிவேட்டின் முதல் பெயரான அபர்ணாவின் பாஸ்வேர்டை போர்டின் மூலையில் எழுதிப் போட்டு, "எல்லாரும் இதுலயே போங்கலே, தற்காலிகமாத்தான்" என்றாள். நம் ஊரில் தற்காலிகத்துக்கு ஆயுசு கெட்டி. இரண்டு மாதமாக அது அழியவில்லை.

சாப்ட்வேரும் லேசுப்பட்டதில்லை. சுற்றுலா பற்றிய ப்ராஜெக்டுக்காகப் பிள்ளைகள் குற்றாலத்து அருவிப் படங்களைத் தேடியபோது, துண்டு கட்டிக் குளிக்கிற ஆம்பிளைகளைப் பார்த்து ஆபாசம் என்று பதறி, ஒரே நாளில் அறுபத்தெட்டு எச்சரிக்கை அனுப்பியது. தலைமையாசிரியர் வல்லிநாயகம் அன்றோடு அந்த மெயிலைத் திறப்பதை விட்டுவிட்டார். புலி வருது கதைதான். புலி வந்ததும் வியாழக்கிழமைதான். அவருக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை மதியம், கம்பெனிக்காரன் சென்னையிலிருந்து போன் போட்டு, "சிவப்பு எச்சரிக்கைக்கு நீங்க இன்னும் பதில் போடலையே சார்" என்று கேட்ட பிறகு.

வல்லிநாயகம் கூப்பிட்டு உமா போனபோது அவருடைய அறையில் அபர்ணா அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா விஸ்வநாதன், கோபத்தில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். வல்லிநாயகம் ஒரு தாளை நீட்டினார். வியாழன் காலை 11.54, கம்ப்யூட்டர் எண் 17, பயன்படுத்தியவர் அபர்ணா. கூகுளில் தேடியது, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: 'செத்துரலாம் போல இருக்கு, யார்கிட்ட சொல்ல.'

அதற்குக் கீழே சாப்ட்வேர் அந்தப் பிள்ளைக்குக் காட்டிய பதிலும் இருந்தது. 'இந்தப் பக்கம் தடைசெய்யப்பட்டது. உங்கள் செயல் பதிவு செய்யப்பட்டுள்ளது.'

யாரிடம் சொல்ல என்று கேட்ட பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்தி, பெயரையும் குறித்துவைத்திருக்கிறது. அதுவும் தப்பான பெயரை. உமா அந்தத் தாளை மறுபடியும் படித்தாள்.

"அது நான் இல்ல மிஸ். இன்டர்வல்ல நான் ஆபீஸ்ல ஸ்காலர்ஷிப் பாரம் எழுதிட்டிருந்தேன்" என்றாள் அபர்ணா.

"கிளார்க்கும் அதைத்தான் சொல்லுதாங்க" என்றார் வல்லிநாயகம். "அப்ப இது மெஷின் கோளாறு. அழிச்சிருவோம்."

"அழிங்க சார். பொம்பளைப் புள்ள பேருல இப்படி ஒண்ணு இருக்கலாமா?" என்றார் விஸ்வநாதன்.

"அழிக்கக் கூடாது சார்." உமாவின் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "மெஷின் மேல தப்பில்ல. அந்தப் பாஸ்வேர்டுல லெவன்த் ஏ மொத்தமும் உள்ள போவுது. நான்தான் போர்டுல எழுதிப் போட்டேன். லேபைப் பூட்டாம டீ குடிக்கப் போனதும் நான்தான். அடிச்சது அபர்ணா இல்ல. ஆனா யாரோ ஒரு புள்ள அடிச்சிருக்கு."

விஸ்வநாதன் எழுந்தே விட்டார். அவர் பேசியதையெல்லாம் உமா நின்று வாங்கிக்கொண்டாள். அத்தனையும் நியாயம்தான். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு வல்லிநாயகம் நெற்றியைத் தேய்த்தார்.

"எழுத்துல விளக்கம் குடுக்க வேண்டியிருக்கும் டீச்சர்."

"குடுக்கேன் சார். முதல்ல அந்தப் புள்ளைய கண்டுபிடிக்கணும்."

"நாற்பத்தொரு பேருல எப்படிக் கண்டுபிடிப்பிய? சனி, ஞாயிறு லீவு. திங்கக்கிழமை ஆடித்தபசு, அன்னைக்கும் லீவு. செவ்வாய்க்கிழமை வகுப்புல மெதுவா விசாரிப்போம்."

"செவ்வாய்க்கிழமை அந்தப் புள்ள வரணுமே சார்."

வல்லிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டேகால். நான்கு மணிக்குப் பள்ளி விடும்.

வகுப்பில் போய் யார் என்று கேட்டால் எந்தப் பிள்ளை கையைத் தூக்கும்? மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த ஒருவரைத் தேட ஆரம்பிப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும். உமா நேரே ஆபீஸுக்குப் போனாள். கிளார்க் இராமலட்சுமியின் மேஜையில் கேமரா திரை இருந்தது.

"லேப் வராண்டா கேமராவைப் போடுங்கக்கா. நேத்து, பதினொண்ணு ஐம்பதுலேர்ந்து."

"அதுல மூஞ்சியே தெரியாதேம்மா. சாரல் தொடங்கினதுலேர்ந்து குடையும் செருப்பும் காணாமப் போவுதுன்னு வாட்ச்மேன் அதைக் கீழ திருப்பி வச்சிருக்காரு."

"பரவாயில்ல, போடுங்க."

திரையில் செருப்பு மட்டும்தான். மழைக் காலத்தில் ஷூ வேண்டாம் என்று பள்ளியே சொல்லியிருந்ததால் எல்லாம் ரப்பர் செருப்புகள். லேபுக்கு வெளியே சேறும் தண்ணீருமாகக் குவிந்து கிடந்தன. லேபில் லெவன்த் ஏ-வின் பாட வேளை முடிந்து 11.50க்கு இன்டர்வல் மணி அடித்ததும் கால்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. ஒரு நிமிடத்தில் இடம் காலி. ஒரே ஒரு ஜோடி மட்டும் சுவரோரம் கிடந்தது. 11.53, 11.54, 11.55. அது அப்படியே கிடந்தது. 11.59க்கு பேன்ட் போட்ட இரண்டு கால்கள் வந்தன. செருப்பை மாட்டிக்கொண்டன. உடனே நகராமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன.

"பெருசாக்குங்கக்கா."

இடது செருப்பில் அறுந்த வாரை ஊக்கு குத்தி இழுத்துப் பிடித்திருந்தது.

மூன்று மணிக்கு உமா பதினோராம் வகுப்பில் நுழைந்தாள். பாடம் நடத்திக்கொண்டிருந்த தமிழாசிரியரிடம், "என் பேனா மூடி இங்கன விழுந்துட்டுங்கய்யா" என்று பொய் சொல்லிவிட்டுக் குனிந்தாள். முப்பத்தெட்டு வயதில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சு பெஞ்சாக. பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான்காவது பெஞ்சின் ஓரத்தில் அந்த ஊக்கு இருந்தது.

நிமிர்ந்தாள். ஜோஷ்வா.

அவனைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. ஜூலையில் காலைக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்கும்போது அவனுக்குத் திக்கியது. 'இ-இ-இந்தியா' என்று அவன் நின்ற இடத்தை எவனோ திருட்டுத்தனமாகப் போனில் பிடித்துவிட்டான். அது வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கராகச் சுற்றியது. சாப்ட்வேருக்கு அது தெரியாது. அதன் கண் லேபின் வாசலோடு சரி. போன வாரம் லேபிலேயே எவனோ பென்டிரைவில் கொண்டுவந்து ஸ்பீக்கரில் போட்டான். வகுப்பே சிரித்தது. உமா, "யாருலே அது?" என்று அதட்டினாள். ஆனால் அதட்டுவதற்கு முன்னால் அவளும் சிரித்துவிட்டாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் ஜோஷ்வா அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"ஜோஷ்வா, லேப்ல ஒரு வேலை இருக்கு. பையை எடுத்துட்டு வாலே" என்றாள் சாதாரணமாக.

அவன் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். அவள் அவனைப் பதினேழாம் நம்பர் முன்னால் உட்கார வைத்து, பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்தாள்.

"யார்கிட்ட சொல்லன்னு நேத்து இங்கன உக்காந்து ஒருத்தன் கேட்டிருக்கான். கம்ப்யூட்டர் அவனுக்கு ஒழுங்கா பதில் சொல்லல. அதான் நான் வந்திருக்கேன்."

ஜோஷ்வா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே சாரல் ஓட்டில் சடசடத்தது.

"அ-அது நான் இ-இல்ல மிஸ்."

"சரி."

அவள் எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. பிறகு அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"நீ-நீங்களும் சி-சிரிச்சிய."

"ஆமா. சிரிச்சேன்." அவள் சாக்கு எதுவும் தேடவில்லை. "நான் செஞ்சது தப்புலே. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கேன்."

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். அழுகையோடு பேச்சும் வந்தது. ராத்திரி தூங்கி எத்தனையோ நாளாயிற்று என்றான். போன் அதிர்ந்தாலே வயிறு பிசைகிறது என்றான். திங்கட்கிழமை செய்வதாக நினைத்து வைத்திருந்ததையும் சொன்னான். ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் சிக்கி, முட்டி, வெளியே வந்தது. உமா ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். அவன் சொல்ல வந்த எந்தச் சொல்லையும் முந்திக்கொண்டு முடித்துவைக்கவில்லை. நான்கு மணி அடித்து, பிள்ளைகளின் சத்தமும் ஓய்ந்துபோனது. அவன் பேசி முடிக்க நாலே முக்கால் ஆனது.

அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாணவர் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். இன்று அவனைத் தனியாக விட வேண்டாம், வீட்டில் சொல்லுங்கள், நாளையே தென்காசி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள் என்றாள். உமா அவனிடம், "அப்பாவைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். அவன் யோசித்து, சரியென்று தலையசைத்தான்.

குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் ஏசுவடியான், சீசன் வெள்ளிக்கிழமை வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு, எண்ணெய் வாடை அடிக்கிற சட்டையோடு மழையில் நனைந்து வந்தார். வல்லிநாயகமே குடை பிடித்து லேப் வரை கூட்டிவந்தார்.

"என்ன டீச்சர், என் மவன் என்ன தப்பு செஞ்சான்?"

"அவன் ஒரு தப்பும் செய்யலண்ணாச்சி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கான். சொல்ல நேரமாகும். கடையை நினைக்காம உக்காருங்க."

அவர் அவளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுடைய முட்டியில் தன் முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

"அ-அ-அ..." என்று ஆரம்பித்தான் ஜோஷ்வா. முதல் சொல்லே சிக்கிக்கொண்டது.

ஏசுவடியானின் உதடு அவனுக்காக அசையப் போனது. உமா அவர் கையைத் தொட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"அப்பா" என்றான் அவன்.