விசாரிக்க ஒரு நம்பர்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நெட் சென்டர் வைத்திருக்கும் புருஷோத்தமனுக்கு ரெஸ்யூமில் காலி இடம் கண்டாலே ஆகாது. அலர்மேல்மங்கையின் படிப்பில் நடுவே மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லாததைப் பார்த்து உச்சுக்கொட்டினார். 2018இல் திருப்பதியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சேர்ந்தவள், 2020இல் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டாள். மறுபடி சேர்ந்தது 2024இல்தான். போன வருடம் முடித்தாள். 2018 முதல் 2025 வரை என்று ஒரே வரியாக அடித்துவிடலாம், யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றார் அவர். பத்துப் பேருக்கு அப்படித்தான் அடித்துக் கொடுத்திருக்கிறாராம், பத்துப் பேரும் வேலையில் இருக்கிறார்களாம்.

மங்கை சம்மதிக்கவில்லை. நேர்மை மட்டும் காரணமில்லை. அந்த வருடங்களை மூடி மறைத்தால் தனசேகரையே மூடி மறைத்த மாதிரி ஆகிவிடும்.

தனசேகர் அவளுடைய தம்பி. பதினேழு வயதில் அவனுக்குக் கிட்னி இரண்டும் கைவிட்டன. அப்பாவும் அம்மாவும் குடுபல்லியில் கூலி வேலையை விட்டு நகர முடியாது. அதனால் மங்கை காலேஜை விட்டுவிட்டு, சித்தூரில் ஒற்றை அறை எடுத்து, வாரத்துக்கு மூன்று நாள் அவனை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனாள். அவள் கையிலிருக்கும் இந்த ரெஸ்யூமை முதலில் எழுதியவனே அவன்தான். ஊசி குத்தாத கையால், கட்டிலில் படுத்தபடி, போனில் அடித்தான். அதில் படிப்புக்குக் கீழே ஒரு வரி: '2020 முதல் இன்று வரை: தனசேகர் என்பவரைக் கவனிக்கும் முழுநேர வேலை. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, முதலாளி கோபக்காரர்.' கடைசியில், இவளைப் பற்றி விசாரிக்க என்று அவனே தன் பெயரையும் நம்பரையும் போட்டிருந்தான். ஆயுசு கெட்டியாக இருக்கிற பிள்ளை செய்கிற குறும்பு அது. அவனுக்கு அந்த ஆயுசு இல்லை.

புருஷோத்தமன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். சம்பளம், லீவு, முதலாளி எல்லாவற்றையும் எடுத்தார். பிறகு, இன்று வரை என்று போடக் கூடாது, எந்த மாதம் வரை என்று சொல்லு என்றார். அக்டோபர் 2023 என்றாள் மங்கை. அவர் அதையும் அடித்தார். கடைசி வரிக்கு அவர் வந்தபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"அத்த மட்டும் உட்ருங்கண்ணா."

விசாரிக்கிற நம்பருக்கு யாரும் போன் போடுவதில்லை என்று அவருக்கும் தெரியும். விட்டுவிட்டார்.

மாம்பழக் கூழ் கம்பெனி ஒன்றில் லேப் வேலை. தொழிற்சாலை சித்தூரில், இன்டர்வியூ திருப்பதி ஆபீசில். இந்த வேலை கிடைத்தால் அப்பாவும் அம்மாவும் வெயிலில் குனிய வேண்டியதில்லை. எச்.ஆர். சுஷ்மிதாவுக்கு அவளைவிட ஓரிரண்டு வயதுதான் கூட இருக்கும். கேள்விகளுக்கெல்லாம் மங்கை தெலுங்கில் டாண் டாணென்று பதில் சொன்னாள். படிப்பு நின்றதைக் கேட்டபோது, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாள். சுஷ்மிதா தலையாட்டினாள். போன வருடம் யாரோ, விசாரிக்க என்று பொய்யான ஆளின் நம்பரைக் கொடுத்து வேலைக்குச் சேர்ந்துவிட்டார்களாம். அதிலிருந்து, வந்தவரை எதிரே வைத்துக்கொண்டே விசாரிப்பது இந்தக் கம்பெனியின் வழக்கம். மங்கை வாயைத் திறப்பதற்குள் சுஷ்மிதா தன் போனில் ரெஸ்யூமின் கடைசி வரியிலிருந்த நம்பரை அழுத்திவிட்டாள்.

தம்பியின் போன் எப்போதும் அறையில் அணைந்தே கிடக்கும். வீட்டில் ஆதார், ரேஷன், பேங்க் எல்லாவற்றுக்கும் அவன் நம்பர்தான் என்பதால் சிம்மை மட்டும் சாகவிடாமல் வைத்திருந்தார்கள். இன்று அம்மா ரேஷன் கார்டு விஷயமாக ஊர்ச் சச்சிவாலய ஆபீசுக்குப் போகிறாள், ஓ.டி.பி. வந்தால் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று, மங்கை அதை உயிர்ப்பித்துப் பையில் போட்டு வந்திருந்தாள்.

பைக்குள்ளிருந்து தனசேகர் பேசினான்.

"அக்கா, என் போன் அடிக்குது, எடு. தூங்கிக்கினு கீறியா? அக்கா, என் போன் அடிக்குது, எடு."

டயாலிசிஸ் நடக்கும்போது அவன் போன் அவள் பையில் இருக்கும். அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அவளை எழுப்புவதற்காக அவன் ரிங்டோனாகப் பதிந்து வைத்த குரல் அது. அவன் போன பிறகு அவள் அதைக் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வந்ததில்லை.

சுஷ்மிதா போனைக் காதிலிருந்து எடுத்தாள். சொந்த நம்பரையே கொடுத்து ஏமாற்றுகிறாள் என்ற கோபம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. யார் இந்தத் தனசேகர், அவர் போன் உன்னிடம் எப்படி என்று கேட்டாள். மங்கைக்குத் தெலுங்கு மறந்துபோனது.

"என் தம்பிங்க. அவன் இல்லீங்க."

சுஷ்மிதா அந்த 2020 வரியை மறுபடி பார்த்தாள். அக்டோபர் 2023 என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. பிறகு மெதுவாக, வேலை உனக்குத்தான், அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டும், விசாரிக்கிற இடத்தில் மட்டும் இருக்கிற ஒருவரைப் போட்டு சாயங்காலத்துக்குள் அனுப்பு என்றாள்.

இருக்கிற ஒருவர். மங்கை பஸ் ஸ்டாண்டுக்கு வரும்வரை யோசித்தாள். மறுபடி சேர்ந்த பிறகு காலேஜில் இவள் யாரோடும் பழகவில்லை. அந்த வருடங்களில் இவளை முழுசாகப் பார்த்தவன் ஒருவன்தான். கடைசியில் புருஷோத்தமனுக்குப் போன் போட்டாள். அவர் தன் பெயரையே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

"தம்பி பேர எடுத்துடட்டுமாம்மா?"

"எடுத்துடுங்கண்ணா."

சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வேலை கிடைத்த சந்தோஷம் துளிகூட வரவில்லை. தம்பியின் போனை எடுத்து மடியில் வைத்தாள். தன் போனிலிருந்து அவன் நம்பரை அழுத்தினாள்.

"அக்கா, என் போன் அடிக்குது, எடு. தூங்கிக்கினு கீறியா?"

தானாக அடங்கியது. மறுபடி போட்டாள். மூன்றாம் தடவை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவள் தோளைத் தொட்டாள்.

"ஏம்மா, அந்தப் புள்ள அவ்ளோ நேரமா கூப்டுதே, எடுக்கக் கூடாதா?"

மங்கை போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"எடுத்தா நின்னுடும்க்கா."