பதினோரு மாத்திரை

டாக்டர் பார்வதி பேனாவை எடுத்ததும் சத்யப்பிரியா பக்கத்தில் இருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். மாத்திரை தொடங்கி ஆறு மாதமாகியும் அண்ணனின் மனச்சோர்வு குறையவில்லை, மருந்தின் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். தூக்கம் தள்ளும், கொஞ்ச நாள் மெஷினில் நிற்கக்கூடாது.

அண்ணன் சந்திரமோகன் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் மெஷினில் நிற்பவன். இன்னும் ஒரு நாள் லீவு போட்டாலும் வேறு ஆளைச் சேர்த்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

குடிப்பதுண்டா என்று டாக்டர் ஒவ்வொரு மாதமும் கேட்பார். இல்லை என்பான். அவள் தரையைப் பார்ப்பாள். வீட்டில் அவனிடம் வாடை வீசும் நாட்களிலும், "சாப்பிட்டியாண்ணா?" என்பதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வந்ததில்லை. இன்று சொல்லிவிடத்தான் வேண்டும். தொண்டையைச் செருமினாள்.

அதற்குள் அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தான். அந்த மாதத்தில் பதினோரு மாத்திரை மீதி.

"மாத்திரை மேல தப்பில்ல மேடம். நான் குடிக்கிறேன்."

குடித்த நாளில் மாத்திரையைத் தொடுவதில்லையாம். "குடிச்சிட்டு போடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அத மட்டும் கரெக்டா செஞ்சேன்."

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் விடச் சொன்னது மாத்திரைய இல்லப்பா."

அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

மாத்திரை தூக்கிவிடும் மனதைக் குடி மறுபடி கீழே தள்ளும், விட்டுவிட்டுப் போட்டால் மருந்தும் பிடிக்காது என்று டாக்டர் விளக்கினார். எவ்வளவு குடிக்கிறான் என்று ஒளிக்காமல் சொல்ல வைத்துக் குறித்துக்கொண்டார். தினமும் குடிப்பவன் இல்லை என்பதால் இன்றே நிறுத்தலாம், ஆனால் கை நடுங்கினால் உடனே வர வேண்டும், வாரம் ஒருமுறை பேசவும் வர வேண்டும். மருந்தின் அளவு பழையபடியே இருந்தது.

நர்சும் பயிற்சி டாக்டர்களும் நின்ற அறையில், தன் பொய்யைத் தானே எடுத்து மேசையில் வைத்தானே என்று நினைத்துக்கொண்டே அவள் அவன் பின்னால் வெளியே நடந்தாள். பக்கத்தில் இருந்தும் ஆறு மாதமாக அவளால் முடியாதது.

மூலக்குளம் போகும் பஸ்ஸுக்காக நின்ற இடத்துக்கு எதிரிலேயே பிராந்திக் கடை. அவன் அதற்கு முதுகைக் காட்டி நின்றான்.

"தெனமும் சாப்பிட்டியான்னு கேக்கறல்ல? இனிமே அத விட்டுட்டு இன்னொன்ன கேளு."

அவளுக்குப் புரிந்தது. பஸ் திருப்பத்தில் தெரிந்தது.

"குடிச்சியாண்ணா?"

"இன்னிக்கி இல்ல" என்றான். "நாளைக்கும் கேளு."