பச்சை ஒட்டு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவளுக்கு 'ஆடிட்டர்' என்று பட்டப்பெயர் வந்ததற்கு அவளேதான் காரணம். 'மூடுபனிப் படகு' என்ற தொடருக்காக ரசிகர்கள் சேர்ந்து எழுதி நடத்தும் விக்கி இணையதளத்தில் அவள்தான் தலைமை அட்மின். யாராவது ஒரு படத்தைக் கொண்டுவந்து போட்டால் போதும், "வரைஞ்சது யாரு? கேட்டீங்களா? என்ன சொன்னாங்க? அதை எங்க பாக்கலாம்?" என்று பிடித்துக்கொள்வாள். பதில் இல்லையென்றால் படம் அன்றைக்கே வெளியே. கெஞ்சினாலும் சரி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, ஒன்றும் நடக்காது. வெறுத்துப்போன ஒருவர் வைத்த பெயர்தான் ஆடிட்டர். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்த் தன் கணக்கின் பெயராகவே வைத்துக்கொண்டாள்.

அந்தத் தொடர் காதால் மட்டும் கேட்பது. ஆற்றில் படகு ஓட்டும் ஒரு பெண் கேப்டன், அவள் கரை சேர்க்கும் மனிதர்கள், காணாமல் போன அவள் தம்பி என்று எல்லாமே குரலும் சத்தமும்தான். கேப்டனுக்கு மூக்கு எப்படி இருக்கும் என்று தயாரித்தவர்களுக்கே தெரியாது. ஆகவே விக்கியில் இருக்கும் ஒவ்வொரு படமும், கேட்டவர்களில் யாரோ ஒருவர் மனதுக்குள் பார்த்து, கை வலிக்க உட்கார்ந்து வரைந்தது. படத்தை எடுத்துக்கொண்டு வரைந்தவரை மறப்பதற்குத் திருட்டு என்றுதான் பெயர், அதற்கு வேறு அழகான பெயர் தேடாதே என்பது ஆடிட்டரின் கட்சி. எனக்கும் அதே கட்சிதான்.

முதல் பக்கத்தை அலங்கரித்த படம் எல்லோருக்கும் செல்லம். மஞ்சள் மழைக்கோட்டோடு கேப்டன் படகின் முனையில் நிற்கிறாள். கோட்டின் வலது முழங்கையில் ஒரு பச்சைத் துணி ஒட்டு. தொடரில் ஓர் இடத்திலும் அப்படியொரு ஒட்டைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆனாலும் ரசிகர்கள் அதன் மேல் பைத்தியமாக இருந்தார்கள். ரசிகர் சந்திப்பு என்றால் பாதிப் பேர் நல்ல சட்டையின் முழங்கையில் பச்சைத் துணியைத் தைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். படத்தின் கீழே 'வரைந்தவர்: கடல்காகம். அனுமதி பெற்றது' என்று இருக்கும்.

அந்த அனுமதியை வாங்கியவள் ஆடிட்டரின் நாத்தனார். பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை, வீட்டில் முழுநேரமும் கேப்டன் புராணம். விக்கியை ஆரம்பித்ததே அவள்தான். அண்ணியாக இந்த வீட்டுக்கு வந்த ஆடிட்டர், நாத்தனாரின் தொல்லை தாங்காமல் தொடரைக் கேட்க ஆரம்பித்து, கேட்டு முடித்து, கடைசியில் விக்கியின் சாவியையும் கையில் வாங்கிக்கொண்டாள். நாத்தனாருக்கு அதில் வருத்தம் இல்லை. பச்சை ஒட்டைப் பற்றித் தான் எழுதிய நீண்ட விளக்கத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். படகிலிருந்து காணாமல் போன பச்சைக் கொடி தம்பியுடையது, அக்கா அதைக் கிழித்துத் தன் கோட்டில் தைத்துக்கொண்டாள், தம்பி பிடித்து இழுக்கும் கை அந்தக் கைதான் என்று போகும் அந்த விளக்கம். படித்துவிட்டு அழுதவர்கள் உண்டு.

இப்படி இருக்கையில் தொடரைத் தயாரிப்பவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பத்தாம் ஆண்டு விழாவுக்குப் பெரிய போஸ்டர் அடிக்கிறார்கள், அந்த மழைக்கோட்டுப் படம் வேண்டும், வரைந்தவரின் பெயரைப் படத்துக்குக் கீழே பெரிதாகப் போடுவார்கள். 'உங்கள் விக்கியில் கடல்காகம் என்று இருக்கிறது. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இந்த வாரம் அச்சுக்குப் போகிறது' என்று எழுதியிருந்தார்கள். ஆடிட்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விக்கியில் கொட்டை எழுத்தில் அறிவித்தாள்.

மறுநாள் காலை கடையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தபோது வேறொரு செய்தி காத்திருந்தது. 'ஈரக்குடை' என்ற பெயரில் யாரோ. "அந்தப் படம் நான் வரைஞ்சது. கடல்காகம் யாருன்னே எனக்குத் தெரியாது."

ஆடிட்டர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் 'வரைந்தவர் யார் என்பதில் சந்தேகம் வந்திருக்கிறது. தீரும்வரை படம் கிடையாது' என்று எழுதினாள். தயாரிப்பாளருக்கும் அவசரப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். மதியத்துக்குள் விக்கியில் ரகளை. சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி இது? யாரோ ஒருத்தர் ஒரு வரி எழுதினா, படத்தையே தூக்கிடுவீங்களா?"

"ஆமா. நீ அன்னிக்கு யார்கிட்ட கேட்ட?"

"கடல்காகம்கிட்டதான். அவர்தான் படத்தைப் போட்டிருந்தாரு. விக்கியில வச்சுக்கலாமான்னு கேட்டேன். தாராளமா எடுத்துக்கோங்கன்னாரு."

"நீங்கதான் வரைஞ்சீங்களான்னு கேட்டியா?"

"போட்டவர்தானே வரைஞ்சிருப்பார்?" என்றாள் நாத்தனார், கொஞ்சம் சுருதி இறங்கி.

ஹாலில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஆடிட்டரின் கணவன், "சாப்பாடு உண்டா, இல்ல அதுக்கும் அனுமதி வாங்கணுமா?" என்றான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்த பார்வையில் செய்தித்தாள் மறுபடி உயர்ந்தது.

ஆடிட்டர் இரண்டு பேருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினாள்: 'அந்தப் பச்சை ஒட்டை எதற்காக வரைந்தீர்கள்?'

கடல்காகத்தின் பதில் நீளமாக வந்தது. தம்பியின் கொடி, அக்காவின் ஊசி, பிடித்து இழுக்கும் கை. நாத்தனார் அண்ணியின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துத் துள்ளிக் குதித்தாள்.

"பாத்தீங்களா! நான் ஊகிச்சது அப்படியே சரி! அவர் மனசுல இருந்ததத்தான் நான் எழுதியிருக்கேன்!"

"நீ எழுதினத அவர் எடுத்து எழுதியிருக்கார். நல்லாப் பாரு. உன் வாக்கியம், உன் ஆச்சரியக்குறி."

நாத்தனார் மறுபடி படித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

ஈரக்குடையின் பதில் அதற்குள் வந்துவிட்டது. இரண்டே வார்த்தை. "டீ கொட்டிடுச்சு."

"டீயா?" நாத்தனாருக்குக் குரலே மாறிவிட்டது. "ஊரே அழுத ஒட்டு அண்ணி அது! டீக்கறையை மறைக்கவா? இவங்க பொய் சொல்றாங்க."

"பொய் சொல்றவங்க இவ்வளவு மட்டமா சொல்ல மாட்டாங்க" என்றாள் ஆடிட்டர்.

ஆனாலும் அவள் ஆடிட்டர். தோன்றியதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அந்தப் பெயருக்கு என்ன மரியாதை? காகிதத்தில் வரைந்த மூலப்படம் இருக்கிறதா என்று இருவரையும் கேட்டாள். கடல்காகம் வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது என்றார். ஈரக்குடை, "இருக்கு. நாளைக்கே கொண்டு வர்றேன். கடை எங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

வந்தவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பள்ளியின் காரைக் கடைக்கு முன்னால் ஒரே திருப்பில் கச்சிதமாக நிறுத்திவிட்டு இறங்கினாள். தினமும் அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகியதால் குரல் கணீரென்று இருந்தது. கையில் ஒரு அட்டை உறை. அதை யாரிடமும் கொடுக்காமல் நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

"ஆடிட்டர் யாரு? நீங்களா? நரைச்ச தலையோட ஒருத்தர் இருப்பாருன்னு நினைச்சேன்."

அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டு, தான் எந்தப் பக்கம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள்.

லென்ஸில் கீறல் பார்ப்பதற்கென்று கடையின் பின்பக்கம் ஒரு விளக்கு மேசை உண்டு. மேலே பால்கண்ணாடி, உள்ளே வெளிச்சம். ஆடிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை ஓரமாகப் பிடித்து அதன் மேல் விரித்தாள். விளக்கைப் போட்டதும் கேப்டனின் மஞ்சள் கோட்டு பளிச்சென்று எழுந்தது. முழங்கையில் பச்சை. அந்தப் பச்சைக்கு உள்ளே, திட்டுத் திட்டாக, பழுப்பு ஓரத்தோடு ஒரு கறை. காகிதத்தைத் திருப்பிப் போட்டால் பின்பக்கத்தில் மறைக்க எதுவும் இல்லாமல் அப்பட்டமாகத் தெரிந்தது. சாட்சாத் டீ.

நாத்தனார் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "கொடின்னு நினைச்சுட்டேனே" என்றாள் மெதுவாக.

"நானும் உங்க விளக்கத்தைப் படிச்சேம்மா" என்றாள் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "எனக்கே அழுகை வந்துச்சு. அப்புறம்தான் வரைஞ்சது நான்னு ஞாபகம் வந்து ஆத்திரம் வந்துச்சு."

ஆடிட்டர் அங்கிருந்தே கடல்காகத்தை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு யாரோ அனுப்பின படம்ங்க அது" என்றது ஒரு சாதுவான குரல். "நல்லா இருக்கேன்னு போட்டேன். நான் வரைஞ்சேன்னு ஒரு தடவகூட சொன்னதில்ல. எல்லாரும் பிரமாதம்னாங்க. நன்றின்னு சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு, நீங்க கேட்டப்பவும் அப்படியே சமாளிச்சுட்டேன்."

"அவங்க இங்கதான் இருக்காங்க. ஏதாவது சொல்றீங்களா?"

"மன்னிச்சுக்கச் சொல்லுங்க" என்று அசடு வழிந்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆடிட்டருக்கு அப்போது இருந்த கம்பீரம் சொல்லி மாளாது. கடைக் கணினியில் உட்கார்ந்தாள், விறுவிறுவென்று தட்டினாள். முதல் பக்கத்தில் மழைக்கோட்டுப் படம் மறுபடி ஏறியது. கீழே 'வரைந்தவர்: ஈரக்குடை' என்று, முன்பு இருந்ததைவிடப் பெரிய எழுத்தில். தயாரிப்பாளருக்கும் பெயரைத் திருத்தி அனுப்பினாள். திரையை விருந்தாளியின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்க! நியாயம் கிடைச்சுடுச்சு."

வந்தவள் திரையைப் பார்த்தாள். தன் பெயரைப் பார்த்ததும் அவள் கண் மின்னியது நிஜம். ஆனால் அவள் காகிதத்தை எடுத்து அட்டை உறைக்குள் வைக்கத் தொடங்கினாள்.

"ஏன், எழுத்து இன்னும் பெருசா வேணுமா?" என்றாள் ஆடிட்டர்.

"பேர் போட்டுட்டீங்க, சந்தோஷம். என்னுதுதான்னு நிரூபிச்சுக் குடுத்தீங்க, அதுக்கும் சந்தோஷம்" என்றாள் அவள். "ஆனா படத்தைப் போடலாமான்னு இன்னும் யாரும் என்னைக் கேக்கலையே."

ஆடிட்டர் கல்லாகிவிட்டாள். கேட்டீங்களா, கேட்டீங்களா என்று ஊரையே உலுக்கியவள், படத்துக்குச் சொந்தக்காரியைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே கேட்காமல் போட்டிருக்கிறாள். நாத்தனார் அன்று செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாத்தனாராவது யாரோ ஒருவரைக் கேட்டாள்.

காது மடல்வரை சூடேறிவிட்டது அவளுக்கு. ஆனால் நல்ல மனுஷி, சமாளிக்கப் பார்க்கவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பி, படத்தை எடுத்தாள். முதல் பக்கம் மறுபடி வெறுமையாயிற்று. தயாரிப்பாளருக்கு, 'அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, பொறுங்கள்' என்று ஒரு வரி. பிறகு எழுந்து, கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்து, அவளுக்கு எதிரே நின்றாள்.

"நீங்க வரைஞ்ச படத்தை எங்க விக்கியில வச்சுக்கலாமா? போஸ்டருக்கு அவங்களுக்கும் வேணுமாம். ரெண்டுக்கும் வேண்டாம்னு சொன்னாலும் சரி. உங்க படம்."

ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அட்டை உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லணும்னுதான் கிளம்பி வந்தேன்" என்றாள். "வழி நெடுக அதைத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டேன். இப்ப நீங்க கேட்டதும் அது போயிடுச்சு." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ரெண்டுக்கும் தர்றேன். ஆனா முழுசா போடுங்க. யாரோ கீழ்ப்பக்கத்தை வெட்டிட்டாங்க."

உறையிலிருந்து காகிதம் மறுபடி வெளியே வந்தது. இவ்வளவு நேரம் எல்லோரும் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கால்பக்கத்தை யாருமே கவனிக்கவில்லை. கேப்டனின் ரப்பர் பூட்ஸ், அதன் பக்கத்தில் ஈரக்குடையின் கையெழுத்து, பூட்ஸுக்கு நடுவில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு சாம்பல் நிறப் பூனை.

நாத்தனாருக்கு மூச்சே நின்றுவிட்டது. "பூனை! படகுல பூனை! தம்பி வளத்த பூனையா இருக்கும் அண்ணி! ரெண்டாவது சீசன்ல ஒரு சத்தம் கேக்குமே, யாருக்கும் என்னன்னே புரியாதே, அது..." சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

ஆடிட்டர் கைப்பேசியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "முதல்ல கேளு. பக்கத்துலதானே நிக்கிறாங்க?"

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று கேட்டாள். "அந்தப் பூனையை எதுக்காக வரைஞ்சீங்க?"

"எங்க வீட்டுப் பூனைம்மா" என்றாள் அவள். "டீயைத் தட்டிவிட்டது அதுதான்."

அன்று சாயங்காலம் படம் தலை முதல் கால்வரை ஏறியது. கீழே எழுதிய வரியை நாத்தனாரே சொல்லச் சொல்ல, ஆடிட்டர் மறுபேச்சில்லாமல் தட்டினாள்: 'வரைந்தவர்: ஈரக்குடை. அவரையே நேரில் கேட்டோம், சம்மதித்தார். பச்சை ஒட்டுக்குக் காரணம்: அவர் வீட்டுப் பூனை.'