எட்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்

தங்கதுரை ஓசூருக்கு வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்த கையோடு வந்து, பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தவன். வேலை நிரந்தரமாகிக் கல்யாணமும் முடிந்த பிறகு ஓசூரை ஒட்டிய மத்திகிரியிலேயே நான்கு வாடகை வீடு மாறிவிட்டான். நான்காவது வீட்டிலும் வாடகையை ஏற்றியபோது, இனி மாறினால் சொந்த வீட்டுக்குத்தான் என்று மனைவி தமிழ்செல்வி சொல்லிவிட்டாள். அது 2006-ஆம் வருடம்.

விற்பனைக்கு ஒரு வீடு இருப்பதாகத் தகவல் கொண்டுவந்தவன் முனிவேல். கெலமங்கலத்துக்காரன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீராக ஓடும். டிரெய்னி காலத்தில் இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள். இன்றும் கம்பெனி பஸ்ஸில் தங்கதுரைக்குச் சன்னலோரம் இடம் பிடித்து வைப்பது அவன்தான். தமிழ்செல்வியின் பிரசவத்தின்போது ரத்தம் கொடுத்ததும் அவன்தான்.

மத்திகிரி கால்நடைப் பண்ணைக்குப் பின்னால், முப்பதுக்கு நாற்பது மனையில் இரண்டு அறை வீடு. தளியில் முட்டைக்கோசு பயிரிடும் நாராயணப்பன் மகன் படிப்பதற்காகக் கட்டியது. மகன் பெங்களூருக்குப் போய்விட்டதால் விற்கிறார். பத்து லட்சம் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கதுரையும் தமிழ்செல்வியும் முனிவேலும் உட்கார்ந்து எவ்வளவு கேட்பது என்று பேசினார்கள். சேமிப்பும் பி.எஃப். கடனும் சேர்த்து இரண்டு லட்சத்து இருபதாயிரம். பேங்கில் ஐந்தே முக்கால் லட்சம் தருவார்கள். அதற்கு மேல் எங்கே போவது என்று தங்கதுரை பேச்சை நிறுத்தினான். தமிழ்செல்வி தன் தாலிச்சங்கிலியையும் வளையல்களையும் விற்றால் அறுபத்தேழாயிரம் வரும், மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஆக மொத்தம் எட்டு அறுபத்திரண்டு. அதற்கு மேல் ஒரு ரூபாய்க்கும் வழியில்லை.

முனிவேல்தான் யோசனை சொன்னான். எடுத்த எடுப்பில் ஏழே முக்கால் என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் இறங்கி வந்தால் எட்டு பத்து. வளையல்களோடு போய்விடும், சங்கிலியைத் தொடாமலே முடித்துவிடலாம்.

“எட்டு அறுவத்திரண்டுன்னு மட்டும் உன் வாயில வந்துறக் கூடாது, துரை. பேசறத நான் பாத்துக்கறேன்” என்றான்.

மறுவாரம் மூவரும் தளிக்குப் பஸ் ஏறினார்கள். நல்ல குளிர், தூறல் வேறு. நாராயணப்பன் ராகிக் களத்து ஓரம் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவரும் முனிவேலும் கன்னடத்தில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். தங்கதுரைக்குப் பாதிதான் புரிந்தது. சொல்லிவைத்தபடி ஏழே முக்கால் என்று முனிவேல் ஆரம்பித்தான். நாராயணப்பன் கோபப்படவில்லை. ஒன்பதரை, ஒன்பது என்று படிப்படியாக வரவும் இல்லை.

“எட்டு லட்சத்து அறுவத்திரண்டாயிரம். அதுக்குக் கீழ ஆவாதுப்பா” என்றார்.

தங்கதுரைக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து கேட்ட மனிதர், தன்னிடம் இருப்பது எவ்வளவோ அதே தொகையில் வந்து நிற்கிறார். இந்த வீடு நமக்கென்றே எழுதியிருக்கிறது என்று நினைத்தான். சரி என்று சொல்ல வாயெடுத்தான். தமிழ்செல்வியையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று வீட்டின் உள்பக்கம் பார்த்தான்.

அவள் அடுப்படியில் இருந்தாள். நாராயணப்பனின் மனைவி ஜோதியம்மாள் காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, அவள் கழுத்தையே பார்த்தாள்.

“ஊடு வாங்கறதுக்கோசரம் தாலிச்சங்கிலிய விக்கறியாமே கண்ணு. கேட்டதுலேருந்து எனக்கு மனசே ஆவல. அஞ்சாறு மாசத்துல திருப்பி ஒண்ணு வாங்கிப் போட்டுக்க” என்றாள்.

கள்ளமில்லாமல்தான் சொன்னாள். தமிழ்செல்வி காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்து, கணவனைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னாள். சொல்லும்போது சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டாள். தங்கதுரை திரும்பிப் பார்த்தான். கொட்டகையில் முனிவேல் ஏதோ சொல்ல, நாராயணப்பன் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். திரும்பும் வழியெல்லாம், இந்த விலை போனால் கிடைக்காது, நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடு என்று முனிவேல் பேசிக்கொண்டே வந்தான். தங்கதுரையால் அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

தொகையும் சங்கிலியும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மறுநாள் கேன்டீனில் கேட்டான். முனிவேல் மறுக்கவில்லை. நல்ல விலைக்கு முடித்துக் கொடுத்தால் நாராயணப்பன் பதினைந்தாயிரம் தருவதாகச் சொன்னார், தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற சமயம் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எப்பிடியும் அந்த வெலைக்கு வாங்கத்தானே நீ ரெடியா இருந்த? ஒரு ரூபா அதிகமாக் குடுக்கப் போறியா? உனக்கு இதுல என்ன நட்டம்?” என்று கேட்டான்.

கணக்குப்படி அவன் சொன்னதில் தப்பில்லாத மாதிரியே இருந்தது. அதைத்தான் தங்கதுரையால் தாங்க முடியவில்லை.

“அவ கழுத்துல கெடக்கிறத விக்கப் போறான்னு முன்னப் பின்ன தெரியாத வீட்டு அடுப்படி வரைக்கும் போயிருச்சேடா. உன்ன வேத்தாளா நெனச்சிருந்தா உன் முன்னாடி பேசியிருப்போமா?” என்றான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தான்.

இரண்டு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அந்த வீட்டை விட்டுவிடவும் மனமில்லை. இப்போது எவ்வளவு கேட்கலாம் என்று தமிழ்செல்வி இரண்டு முறை கேட்டாள். பார்ப்போம் என்று மட்டும் சொன்னான். பேங்க் பாஸ்புக்கை அலமாரியிலிருந்து எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். அவள் செல்போனில் தன் அண்ணனோடு பேசினால், என்ன பேசுகிறாள் என்று வாசலில் நின்று கேட்டான்.

ஒரு வாராந்தர விடுமுறை நாளில், கம்பெனியில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, தனியாகத் தளிக்குப் போனான். சங்கிலியை விற்பதாக இல்லை, இடையில் ஆளும் இல்லை, முனிவேலுக்குத் தரவேண்டிய பதினைந்தாயிரமும் உங்களுக்கு மிச்சம் என்று நாராயணப்பனிடம் நேராகச் சொன்னான். எட்டு லட்சத்துக்குக் கேட்டான். மகன் பெங்களூரில் கடை போட அவசரமாகப் பணம் கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. மதியத்துக்குள் எட்டு பதினைந்துக்கு முடிந்தது. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் பத்திரத்தைத் தமிழ்செல்வி கையில் கொடுத்தான். அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தான். அவள் தொகையைப் படித்தாள். தேதியைப் படித்தாள். அன்றைய தேதி.

“ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போனீங்க.”

“யாருக்கும் தெரியாம முடிக்கணும்னுதான்.”

“நானும் அந்த யாரோவாங்க?” என்று கேட்டாள். “எனக்குத் தெரிஞ்சிருந்தா யார்கிட்டப் போய்ச் சொல்லியிருப்பேன்?”

அவள் அழவில்லை. பத்திரத்தை நான்காக மடித்து அவனிடமே கொடுத்துவிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டப் போனாள்.

தை பிறந்ததும் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். முனிவேலை அழைக்கவில்லை. பால் காய்ச்சிய அன்று பக்கத்து வீட்டு மாதம்மாள் வந்து, வீடு நன்றாக இருக்கிறது, என்ன விலைக்கு முடித்தீர்கள் என்று கேட்டாள்.

“எனக்கு என்னக்கா தெரியும்? அவரத்தான் கேக்கணும்” என்றாள் தமிழ்செல்வி.

டம்ளரில் பால் ஊற்றிக்கொண்டிருந்த தங்கதுரை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.